புளூ ஜேஸ் 2025: ஜூலையில் உழைத்து ஒக்டோபரில் வாங்கிய கூலி

ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் அணி, மேஜர் லீக்கின் இறுதிச் சுற்றான உலகத் தொடரில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றதைப் பற்றி எழுதாத ஆளில்லை. ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ் (வழமையாக ஒன்பதோடு முடியும்), 5-4. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற எங்கள் சனம் அன்றைக்கு முகநூலில் போட்டதையெல்லாம் வாசித்தால் செத்தவீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. எனக்கும் கவலைதான். ஆனால் அந்த ஒரு இரவை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பருவத்தையும் பேசுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்த அணியின் கதை இருப்பது ஜூலையில்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பேஸ்போல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டைத் தட்டினாலும் கனடாவில் ஒரு ஆளாவது இருக்கும். எனக்குப் பெரியம்மாவின் மகன். 1992இலும் 1993இலும் ஜேஸ் அடுத்தடுத்து உலகத் தொடரை வென்றபோது அண்ணா அங்கே பள்ளிக்கூடப் பெடியன், அந்தக் கதையை இன்றைக்கும் விடமாட்டார். மொன்றியல் அணி 2004ஆம் ஆண்டோடு வாஷிங்டனுக்குப் போய்விட்டதால் கனடாவில் மிச்சமிருக்கிற ஒரே மேஜர் லீக் அணி இதுதான். அவரோடு வாட்ஸ்அப்பில் வாய்ச்சண்டை பிடிப்பதற்காகப் பார்க்கத் தொடங்கியதுதான், அப்புறம் விடமுடியவில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய எங்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் பருவத்தின் நீளம். மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள், கிட்டத்தட்ட தினமும் ஒன்று. அறுபதுக்கு மேல் தோற்ற அணிகூட மிகச்சிறந்த அணியாக முடிக்கும். துடுப்பாட்ட வீரரும் அப்படித்தான், பத்துக்கு மூன்று தடவை அடித்து ஓடினால் பெரிய ஆள். தோல்வியைத் தினசரி வரவுசெலவில் ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டு அடுத்த நாள் திரும்ப வந்து நிற்கிற விளையாட்டு இது. ஒரு ஆட்டம் தோற்றாலே தெரிவுக்குழுவைக் கலைக்கச் சொல்லுகிற எங்கள் நாட்டு ரசிகர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது நல்ல மருந்து.

2024இல் ஜேஸ் 74 வெற்றி, 88 தோல்வி, தங்கள் பிரிவில் கடைசி இடம். அதற்குப் பிறகும் நிர்வாகம் விளாடிமிர் குரேரோ ஜூனியரோடு 14 ஆண்டுக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஒப்பந்தம் போட்டபோது, கடைசியாக வந்த அணிக்கு இவ்வளவு காசா என்று பலர் சிரித்தார்கள். மே மாதத்தின் பெரும்பகுதி வெற்றியும் தோல்வியும் சரிபாதியாகத்தான் போனது. பிறகு ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை அதே பிரிவில் இருக்கிற நியூயோர்க் யாங்கீஸ் ரொறன்ரோவுக்கு வந்தது. நான்கு ஆட்டம், நான்கும் ஜேஸுக்கு. கனடா தினமான ஜூலை முதலாம் திகதி ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் தனி ஆளாக ஏழு ஓட்டங்களுக்குக் காரணமாக இருந்தார். அந்த வாரக் கடைசியில் அணி பிரிவில் முதலிடம்.

இதைப் பிடித்துக்கொண்டு நான் ஏன் நிற்கிறேன் என்றால், செப்டெம்பர் 28ஆம் திகதி இரண்டு அணிகளும் 94 வெற்றி, 68 தோல்வி என்று ஒரே கணக்கில் முடித்தன. அப்படிச் சமனாக வந்தால் ஒருவருக்கொருவர் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். 13 ஆட்டத்தில் 8 ஜேஸுக்கு. ஆக ஜூலையில் வென்ற அந்த ஆட்டங்கள்தான் ஒக்டோபரில் முதல் சுற்றை ஆடாமல் தாண்டவும், தீர்மானமான ஆட்டங்களைச் சொந்த மைதானத்தில் ஆடவும் வழிவிட்டன.

அந்தக் கடைசி நாளும் நல்ல கூத்து. துபாயில் அன்றிரவு ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி, இந்தியாவும் பாகிஸ்தானும். நாங்கள் இரண்டு நாளைக்கு முன்னரே, பத்தும் நிஸ்ஸங்க சதம் அடித்தும் இந்தியாவிடம் சூப்பர் ஓவரில் தோற்றுத் தொடரை முடித்துக்கொண்டோம், ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆட்டம் முடிந்து, கிண்ணத்தை ஆசியக் கிரிக்கெட் பேரவைத் தலைவர் மொஹ்சின் நக்வி கையால் வாங்கமாட்டோம் என்று இந்திய அணி நின்ற நாடகம் இழுபட்டுக்கொண்டிருந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, ரொறன்ரோவில் கடைசி ஆட்டம் தொடங்குகிற நேரம். மாற்றிப் போட்டேன். தம்பா பேயை 13-4 என்று அடித்தார்கள், பெரிய உருவத்தோடு மெதுவாக ஓடுகிற அலெஹாண்ட்ரோ கேர்க் இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டுகிற அடி).

இந்த அணியைக் கிரிக்கெட் கண்ணுக்குப் பிடித்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய பேஸ்போலில் பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு பந்தையும் மைதானத்துக்கு வெளியே அனுப்பத்தான் மட்டையை வீசுகிறார்கள், படாவிட்டால் மூன்று ஸ்ட்ரைக்கோடு நடையைக் கட்டவேண்டியதுதான். ஜேஸ் அந்தப் பழக்கத்தை விட்டது. 2025இல் முழு லீக்கிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணியும், துடுப்பாட்டச் சராசரி மிக உயர்ந்த அணியும் இதுதான். பந்தைத் தொடு, இடைவெளியில் தள்ளு, ஓடு. ஒற்றை ஓட்டங்களால் எதிரணியைச் சலிக்கவைத்த அரவிந்தவையும் மகேலவையும் பார்த்து வளர்ந்த ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

ஏர்னி கிளெமென்டை எடுங்கள். கிளீவ்லாந்தும் ஓக்லாந்தும் வேண்டாம் என்று விட்ட வீரர். அவர்தான் ஒக்டோபரில் 30 தடவை பந்தை அடித்து பேஸைப் பிடித்து, பருவம் முடிந்த பிறகு நடக்கிற கிண்ணச் சுற்றுகளில் ஒரே ஆண்டில் அதிக ஹிட் என்ற சாதனையை வைத்தார். ஸ்பிரிங்கர் 36 வயதை எட்டிய ஆண்டில் 32 ஹோம் ரன். ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பெடியன் ஆண்டுத் தொடக்கத்தில் கீழ்மட்ட லீக் ஒன்றில் பந்தெறிந்துகொண்டிருந்தார், செப்டெம்பர் நடுவில் மேலே வந்தார், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் வீரர்களை 12 தடவை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். புதுமுகம் ஒருவர் உலகத் தொடரில் அப்படிச் செய்தது முன்னர் இல்லை.

யாங்கீஸை 3-1 என்று அனுப்பியதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அது அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. அடுத்த சுற்றில் வந்த சியாட்டில்தான் வயிற்றைக் கலக்கியது. சொந்த மைதானத்தில் முதல் இரண்டையும் தோற்று, பிறகு ஏழாவது ஆட்டம் வரை இழுத்து வந்தார்கள். அங்கே அது தீபாவளி இரவு, இங்கே மறுநாள் செவ்வாய் விடியற்காலை. ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கி நிற்க, ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன். 4-3. மிச்சமிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்துக்கு மேல்மாடி அன்ரி கதவைத் தட்டிக் கேட்டார், ஏதும் பிரச்சினையா தம்பி என்று.

உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னர்தான் பிரேமதாசவில் எங்கள் பெண்கள் அணியின் உலகக்கிண்ண ஆட்டம் மழையால் கைவிடப்பட்டது. அந்த மாதம் அங்கே எத்தனை ஆட்டம் அப்படிப் போனது! ரொறன்ரோ மைதானத்துக்குத் திறந்து மூடுகிற கூரை. வயிற்றெரிச்சலோடுதான் பார்த்தேன். அன்றைக்கு ஜேஸ் ஆறாவது இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ஓட்டம் எடுத்து 11-4 என்று வென்றது. அடிசன் பார்ஜர் மாற்று ஆளாக வந்து அடித்த கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடிக்கிற நான்கு ஓட்ட ஹோம் ரன்), உலகத் தொடர் வரலாற்றில் மாற்று ஆள் அடித்த முதலாவது. அடிக்கவும் பந்தெறியவும் செய்கிற டொட்ஜர்ஸ் நட்சத்திரம் ஒஹ்தானியைப் பார்த்து நீ எங்களுக்கு வேண்டாம் என்று கூட்டம் கத்தியது. 2023 டிசம்பரில் அவர் ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று நம்பி ஒரு தனியார் விமானத்தை இணையத்தில் துரத்திய அதே ஊர்தான்.

மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், ஆறு மணி 39 நிமிடம். காலை ஆறு மணிக்கு முன்னர் தொடங்கியது, நான் பஸ்ஸில் காலி வீதியைக் கடந்து, வேலைக்குப் போய், மதியம் சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறேன், இன்னும் முடியவில்லை! ஒஹ்தானி ஒன்பது தடவை பேஸுக்குப் போனார், அதில் பாதி ஜேஸே பயத்தில் விட்டுக்கொடுத்தது. கடைசியில் பிரெடி பிரீமன் அடித்த ஹோம் ரன்னில் டொட்ஜர்ஸுக்கு 6-5. அண்ணா அதற்குள் நித்திரை. நான்தான் செய்தி அனுப்பினேன்.

ஆனாலும் அடுத்த இரண்டையும் லொஸ் ஏஞ்சல்ஸிலேயே வென்று 3-2 என்று வீடு திரும்பினார்கள். ஆறாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பார்ஜர் அடித்த பந்து சுவரின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. அது சுவரில் பட்டுத் திரும்பியிருந்தால் ஒரு ஓட்டம் நிச்சயம். விதிப்படி ஓடியவர்கள் நிறுத்தப்பட்டார்கள், ஆட்டம் 3-1 என்று டொட்ஜர்ஸுக்குப் போனது. ஏழாவதில் ஜேஸின் பிஷெட் ஒஹ்தானியின் பந்திலேயே மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து, வெற்றிக்கு இரண்டு அவுட்தான் மிச்சம் என்ற நிலையில், டொட்ஜர்ஸின் மிகேல் றோஹாஸ் ஒரு ஹோம் ரன்னில் சமன்செய்தார். அதே இன்னிங்ஸின் மறுபாதியில் பேஸ் மூன்றும் நிரம்பி நிற்க, மூன்றாவது பேஸிலிருந்து ஜேஸின் கைனர்-ஃபலேஃபா ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கிவந்தும் ஒரு பாத அளவு பிந்திவிட்டார். முதல் நாள் 96 பந்து எறிந்த டொட்ஜர்ஸ் பந்தெறிபவர் யமமோதோ மறுநாளும் வந்து முடித்துவைத்தார், அந்த மனிதருக்குத் தோள் இரும்போ தெரியாது.

ஏழு ஆட்டத்தையும் கூட்டினால் ஜேஸ் 34 ஓட்டம், டொட்ஜர்ஸ் 26. கூட அடித்தும் தோற்றார்கள். மூன்றாவது பேஸில் நின்ற கைனர்-ஃபலேஃபா இன்னும் இரண்டடி தள்ளி நின்றிருக்கவேண்டும் என்பது அண்ணாவின் வாதம். அடிக்கிற பந்து நேரே பிடியாகப் போனால் திரும்ப முடியாமல் அவரும் அவுட், முதல் நாள் ஆறாவது ஆட்டம் அப்படித்தானே முடிந்தது என்பது என் வாதம். இது இன்னும் தீரவில்லை.

பார்க்கத் தொடங்க விரும்புகிறவர்கள் வார நாள் ஆட்டத்தில் தொடங்காதீர்கள், ரொறன்ரோவில் இரவு ஆட்டம் என்றால் எங்களுக்கு விடிய நாலரை மணி. ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டங்கள் இங்கே இரவு பதினொன்றுக்குத் தொடங்கும், திங்கள் வேலைக்குப் போகிறவர்கள் ஐந்தாவது இன்னிங்ஸோடு படுத்துவிடலாம்.