எப்படி வந்தார்?

"எப்படி வந்தாருன்னு தெரியாதுங்கய்யா. நான் உள்ள இருந்தேன். செருப்புச் சத்தம்தான் கேட்டுச்சு."

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னது. அவள் கட்டுரை நோட்டில் 'அப்பா வந்தார். சாப்பிட்டார். படுத்துக்கொண்டார்' என்று இருந்தது. மூன்று வினைக்கும் கீழே சிவப்பு மையில் கோடிழுத்து, 'எப்படி? வினையடை சேர்க்கவும்' என்று எழுதியிருந்தேன். வினை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்தான் வினையடை. அந்த வாரம் அதுதான் பாடம்.

"சரி, பொருத்தமா ஏதாவது ஒண்ணு போடும்மா" என்றேன். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நோட்டோடு நின்றிருந்தார்கள். அவள் அங்கேயே குனிந்து எழுதினாள்: 'அப்பா மகிழ்ச்சியாக வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.' பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அந்த ஒன்பது இன்னும் உறுத்துகிறது.

நான் செய்தது தவறே இல்லை என்றும் சில நாள் தோன்றும். வந்தான், போனான், பார்த்தான் என்று மொட்டையாக எழுதும் பிள்ளைகளை 'எப்படி' என்ற ஒரு கேள்விதான் நகர்த்துகிறது. 'சால, உறு, தவ, நனி, கூர், கழி' என்று மிகுதியைச் சொல்ல மட்டும் நன்னூல் ஆறு உரிச்சொல் தருகிறது. என் வகுப்பில் எல்லாவற்றுக்கும் 'மிகவும்'தான். அதே வாரம் ஒரு பையன் 'ஆட்டுக்குட்டி குடுகுடுவென ஓடியது' என்று எழுதிவந்தான். அதுவரை இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன். அந்த வரியை வகுப்பில் படித்துக் காட்டியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பாடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் அந்தப் பையன் குட்டி ஓடியதைப் பார்த்தவன். இவள் அப்பா வந்ததைப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள், நான்தான் எழுத வைத்தேன்.

யோசிக்க யோசிக்க, சிக்கல் அந்த 'ஆக'வில் இருப்பதாகப் படுகிறது. மகிழ்ச்சி, நிம்மதி, சோகம் என எந்தப் பெயரோடும் 'ஆக' சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும். கற்றுக்கொடுக்கவும் திருத்தவும் எளிது. ஆனால் 'மகிழ்ச்சியாக வந்தார்' என்பது காட்சி இல்லை, எழுதுகிறவரின் முடிவு. 'துண்டை உதறிக்கொண்டே வந்தார்' என்றால் அங்கே ஓர் ஆள் தெரிகிறார். 'உதறிக்கொண்டே' என்ற வினையெச்சம் செய்கிற வேலை அது. 'குடுகுடு' மாதிரியான இரட்டைக்கிளவி காதால் கேட்டதையே சொல்லாக்கிவிடும். அவளுக்கு ஒரு சத்தம் கேட்டிருந்தது. அது எப்படிக் கேட்டது என்று கேட்டிருக்கலாம். சரசரவென்றா, தடதடவென்றா? அப்படிக் கேட்டிருந்தால் பாடமும் நடந்திருக்கும், அவளும் பொய் எழுதியிருக்க மாட்டாள்.

இதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அப்பா வரும்போது அவள் ஏன் உள்ளேயே இருந்தாள்? 'தடதடவென' என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் என்ன கேட்டிருப்பேன்? வீட்டில் நடப்பதைச் சொல்ல விருப்பமில்லாமல்தான் அந்த மூன்று வரியோடு நிறுத்தினாளோ என்னவோ. அப்படியானால் 'மகிழ்ச்சியாக' என்ற சொல் அவளுக்கு ஒரு மறைப்பாகக்கூட உதவியிருக்கலாம். அல்லது இதெல்லாம் வெறும் என் கற்பனை. அவள் அன்று வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "அந்தக் கட்டுரையை முதல்ல எழுதின மாதிரியே வச்சுக்கலாம்மா" என்றேன். "எந்தக் கட்டுரைங்கய்யா?" என்றாள். நினைவில்லாமல் கேட்டாளா, பேச்சை முடிக்கக் கேட்டாளா, தெரியவில்லை.

இந்த வருடமும் வினையடைப் பாடம் நடத்திவிட்டேன். நோட்டுகளில் 'எப்படி?' என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். 'சேர்க்கவும்' என்று மட்டும் எழுதுவதில்லை.