மாமியார் சொன்ன கதை

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், ஐந்தாம் நம்பர் மலைக்கு ஏறும் பாதையோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் போன கல். அதுதான் எங்கள் கருப்பண்ணசாமி. அதன் அடியில் இருப்பது தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்து மண் என்பார் அப்பாயி, என் அப்பாவின் அம்மா.

அப்பாயிக்கு அதைச் சொன்னவர் அவருடைய மாமியார். அவருக்குச் சொன்னவர் அவருடைய மாமியார். வாழ வந்த பெண்கள்தான் எங்கள் குடும்பக் கதையைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆண்களைக் கேட்டால், "இந்தியாவிலருந்து வந்தோம்" என்பதோடு சரி.

தாது வருசப் பஞ்சம், 1876. தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்கு வந்த கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டிருக்கிறாள் எங்கள் முதல் மாமியார். கடல் தாண்டி மன்னார்க் கரை. அப்புறம் காட்டு வழியே நடை: மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. வழியெல்லாம் காய்ச்சல், வாந்திபேதி. மூன்று பிள்ளைகளோடு கிளம்பியவள் ஒரு மகனோடுதான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தாள். அவர்தான் என் தாத்தாவுக்குத் தாத்தா. மற்ற இரண்டு பிள்ளைகளின் பேரை அப்பாயி இன்னும் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

வந்தது கோப்பித் (காப்பி) தோட்ட வேலைக்கு. ஆனால் 1869லேயே கோப்பி இலையில் துரு நோய் விழுந்துவிட்டது. சாகப்போகிற பயிருக்குத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். கொஞ்ச வருடத்தில் அதே கைகள் கோப்பியைப் பிடுங்கிப்போட்டுத் தேயிலை நட்டன. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அப்படித்தான் மலையெல்லாம் ஏறியது. காட்டை வெட்டியதும் குழி தோண்டியதும் கன்று வைத்ததும் எங்கள் ஆட்கள்.

1948இல் இலங்கை அரசு கொண்டுவந்த சட்டத்தால் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போனது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் தாத்தாவின் தம்பி குடும்பமும் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது சின்னத் தாத்தாவின் மனைவி மடியில் இந்தக் கல்லடி மண் ஒரு பிடி இருந்ததாம்.

போன தைப்பொங்கலுக்கு அப்பாயி என் மனைவியைக் கைபிடித்துக் கல்லடிக்கு அழைத்துப் போனார். எண்ணெய் வார்த்துவிட்டுக் கதையைத் தொடங்கினார். இடையில் நான் வருசத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ சும்மா இருப்பா. நா இவளுக்குத்தான் சொல்றேன்."