அறிவிப்பாளரை வெட்டின கசெற்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். பிக் மட்ச் பற்றியும் அதிபரின் பிரம்பு பற்றியும் எழுத வழக்கம்போலப் பலர் இருப்பார்கள். அதனால் நான் எங்கள் விடுதியில் இருந்த ஒரு ரேப் றெக்கோடரைப் பற்றியும், ஜேர்மனியின் கீல் நகரத்து இசைக்குழு ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

ரேப் றெக்கோடர் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனுடையது. அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இலங்கை வானொலியில் நல்ல பாட்டுப் போனால் அதில் பிடித்துவிடுவான். அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அறிவிப்பாளர் பேசுவதையும் சேர்த்தே பதிவான். கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லி முடித்த பிறகுதான் நிறுத்தும் பொத்தானில் கை வைப்பான். பிறகு அதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவான். கசெற்றில் இடம் வீணாகுதே என்று நாங்கள் கத்துவோம். படிப்பு நேரத்தில் பௌதிகவியல் கொப்பிக்குள் இந்தக் கொப்பி இருந்து பிடிபட்ட கதை எங்கள் வகுப்பாருக்குத் தெரியும், இங்கே விட்டுவிடுகிறேன்.

1985 தொடக்கத்தில் நானும் அகதியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் வந்தேன். அந்த வருடமே அந்தப் பாதையை அடைத்துவிட்டார்கள். எங்களைப் பிரித்து அனுப்பியபோது எனக்குக் கிடைத்தது கீலுக்குக் கிட்டவான ஒரு சிறிய ஊர். வேலை செய்ய விடமாட்டார்கள். மாவட்டத்தை விட்டு வெளியே போவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். மிஞ்சியது றேடியோ. வட ஜேர்மனிக்கு என்.டி.ஆர்.தான். ஜேர்மன் மொழியான டொச் ஒரு சொல்லும் விளங்காது, பாட்டுகள் மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அவை எங்களுக்குப் பழக்கமான பாட்டுகள் இல்லை. சிந்தசைசரும் டிரம் மெஷினுமாக, உணர்ச்சியே இல்லாததுபோல ஒருவர் பாடுவார். நியூ வேவ் என்று பெயர் சொன்னார்கள். டுசெல்டோர்பில் ஆட்டா ராக், ஹம்பேர்க்கில் சிக்சாக் போன்ற சின்னக் கம்பனிகள்தான் ஜேர்மனியில் இதைத் தொடக்கிவிட்டவை. பெரிய கம்பனிகள் பின்னால் வந்து, 1982, 83இல் அள்ளி அள்ளி வெளியிட்டு, மக்களுக்குச் சலித்ததும் கைகழுவிவிட்டன. சொந்தக் காசில் கொஞ்ச இசைத்தட்டு அடித்தவர்களுடைய பெட்டிகள் நிலவறைகளுக்குப் போயின. நான் பிற்காலத்தில் பழைய சாமான் விற்கும் பிளோமார்க் சந்தைகளில் சுற்றும்போது அப்படிப்பட்ட தட்டுகளை யாரும் சீண்டாமல் கிடக்கக் கண்டிருக்கிறேன். 2000க்குப் பிறகுதான் காற்று மாறியது. பிரீட்றிக்ஸ்ஹாபனில் வைனல் ஒன் டிமாண்ட், ஹம்பேர்க்கில் பியூரோ பி, நியூயோர்க்கில் மினிமல் வேவ் என்று மறுபதிப்புக்காகவே கம்பனிகள் வந்தன. லியசோன் டாஞ்சரோஸ் என்ற ஜேர்மன் குழுவின் 1981 இசைத்தட்டை அமெரிக்காவில் சிக்காகோ, டெற்றோயிற் டிஜேக்கள் அப்போதே கொண்டாடியிருக்கிறார்கள். இங்கே கண்டுகொள்ள இவ்வளவு காலம்.

ஆனால் இசைத்தட்டாகக்கூட வராத ஒரு பாட்டின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1984 அளவில் வட ஜேர்மனியில் ஒரு பெடியன் என்.டி.ஆரில் போன பாட்டொன்றைக் கசெற்றில் பதிந்தான். அவனும் ஒழுங்கானவன்தான், ஆனால் பாட்டுச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று அறிவிப்பாளரின் பேச்சை வெட்டிவிடுவான். வெட்டிய பேச்சோடு பெயரும் போய்விட்டது. பெயர் தெரியாத பாட்டுகளைத் தனிக் கசெற் ஒன்றில் சேர்த்து வைத்திருந்தான். 2007இல் அவனுடைய சகோதரி இந்தப் பாட்டை இணையத்தில் போட்டு, இது யாருடையது என்று கேட்டார். பதில் இல்லை. 2019இல் பிரேசில் இளைஞன் ஒருவன் கையில் எடுத்த பிறகு உலகமே தேடத் தொடங்கியது.

அந்தத் தேடல் எனக்குச் சில இடங்களில் சிரிப்பாகவும் சில இடங்களில் பெரிய மரியாதையாகவும் இருந்தது. பாட்டில் கேட்கும் சிந்தசைசர் யமஹா டி.எக்ஸ்.7, அது 1983இல்தான் வந்தது, ஆகவே பாட்டு அதற்கு முந்தியது இல்லை என்று கண்டார்கள். பாடகரின் ஆங்கில உச்சரிப்பை வைத்துக் கிழக்கு ஜேர்மனி என்றார் ஒருவர், ஒஸ்திரியா என்றார் இன்னொருவர். அந்தக் காலத்தில் என்.டி.ஆரில் பாட்டுப் போட்ட போல் பாஸ்கவிலிடம் கேட்டார்கள்; அவருக்கு நினைவில்லை. ஆயிரக்கணக்கில் பாட்டுப் போட்டவருக்கு எப்படி நினைவிருக்கும்?

2024 நவம்பரில் விடை வந்தது. கண்டுபிடித்தது எந்தக் கணினி மூளையும் இல்லை. 80களில் என்.டி.ஆர். இளம் குழுக்களுக்கு நடத்திய ஒரு போட்டியைப் பற்றிப் பழைய பத்திரிகைகளில் வந்த செய்திகளை ஒருவர் பொறுமையாக வாசித்துக்கொண்டு போனார். அதில் வந்த இசைக்கலைஞர் ஒருவரைத் தொடர்புகொண்டார். அவர் தன்னிடமிருந்த பழைய பதிவுகளை அனுப்பினார். அதற்குள் பாட்டு இருந்தது. குழுவின் பெயர் பெக்ஸ், பாட்டின் பெயர் 'சப்வேஸ் ஒவ் யுவர் மைன்ட்'. ஊர் கீல்! உலகமெல்லாம் தங்களைத் தேடுவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் முகாமில் றேடியோவைத் திருகிக்கொண்டிருந்த காலத்தில், பஸ் ஏறினால் போகக்கூடிய தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

இப்போது பாட்டு அவர்களுடைய பெயரோடு வெளிவந்துவிட்டது. கேட்டுப் பார்த்தேன். நல்ல பாட்டு, பெரிய பாட்டென்று சொல்லமாட்டேன். பெயரில்லாமல் இருந்தபோது அதற்கு ஒரு மவுசு கூடுதலாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். மகனிடம் சொன்னால் சண்டைக்கு வருகிறான்.

ரேப் றெக்கோடர் நண்பன் இப்போது கனடாவில். பாட்டை அவனுக்கும் அனுப்பி, கதை முழுவதையும் தொலைபேசியில் சொன்னேன். இடையில் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி மச்சான், குழுவின்ர பேர் சொல்லிப்போட்டாய். இதை எழுதினது ஆர், மியூசிக் ஆர்?" என்றான்.