கரி உலையை விட்டு கேஸ் உலைக்கு

குடியாத்தத்தில் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் சின்னப் பட்டறையில் இதுவரை கரி உலைதான் எரிந்தது. இப்போது கேஸுக்கு மாறி, கத்தி, களைக்கொட்டு, கொடுவாள் எல்லாம் அதில் அடித்துப் பார்த்தாயிற்று.

உலையின் கூட்டுக்குத் தடித்த இரும்புக் குழாய், உள்ளே 2 அங்குல செராமிக் ஊல் (சூடு தாங்கும் பஞ்சு மாதிரி), அதன்மேல் சூடு தாங்கும் பூச்சு. பூச்சை விட்டுவிடக் கூடாது. ஊலின் இழை மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. உலையின் உள்தரையில் பயர் பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல். இரும்பை ஒட்டவைக்கப் போடும் வெங்காரம் உருகி வழிந்தால் செராமிக் ஊலை அரித்துவிடும், அதற்காகத்தான் செங்கல். வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார்தான் தரும், அது இந்த பர்னருக்குப் போதாது. அதனால் 19 கிலோ வணிக சிலிண்டரும் ஹை பிரஷர் ரெகுலேட்டரும்.

பெரிய லாபம் வாட்டுவதில்தான். கரியில் கத்தியின் நுனி சிவந்து நிற்கும், நடுவில் கறுப்பாகவே இருக்கும். கண்ணை எடுத்தால் விளிம்பு மத்தாப்பாய்ப் பொரிந்துவிடும். கேஸில் அடியிலிருந்து நுனிவரை ஒரே நிறம் வருகிறது. சூடேறிய இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரி செல்சியஸில். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி எண்ணெயில் தோய்த்தால் கத்தியின் வாய் முழுக்க ஒரே கடினம். ஆனால் உள்சுவரும் சேர்ந்து ஜொலிப்பதால் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. பக்கத்துத் தெரு பட்டறைக்காரர் பார்த்ததுமே சொன்னார்: "இன்னா தம்பி, உள்ள வச்சுப் பாத்தா எல்லாம் ஒரே செவப்புதான். வெளிய எடுத்து நெழல்ல பாரு." இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

காற்று கூடினால் நெருப்பு சீறும், இரும்பில் பொருக்கும் அதிகம். குறைந்தால் உலை வாய்க்கு வெளியே மஞ்சளாக நீளும். அப்போது வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடும். ஆகவே கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது.

தொடர்ந்து எரித்தால் அக்னி நட்சத்திர வெயிலிலும் சிலிண்டரின் அடிப்பாகம் சில்லிட்டு வியர்க்கிறது, அழுத்தம் இறங்குகிறது. அகலமான தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி அதில் நிற்கவைத்தால் சரியாகிறது. வெந்நீரோ நெருப்போ பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

கரி உலையைக் கலைக்கவில்லை. கம்பியின் நடுவில் ஓரிடத்தை மட்டும் சிவக்கவைத்து வளைக்க அதுதான் தோது. கேஸில் உள்ளே போனது முழுக்கச் சிவந்துவிடும். வளைந்த பெரிய சாமான் வாய்க்குள் நுழையவும் நுழையாது. அடுத்து உலையின் பின்பக்கம் ஒரு வழி திறந்து, நீளமான லாரி ஸ்பிரிங் பட்டையை ஊடே விட்டுப் பார்க்கப் போகிறேன்.