ராத்திரியானால் காணாமல் போகும் வண்டி

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வேன். 2021இல் புதிதாக எடுத்தது. பொள்ளாச்சியில் நிற்கும், வால்பாறை, பழனி, குருவாயூர் என்று ட்ரிப் போகும். எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) என்பதால், அந்தத் தேதி நெருங்கும்போதுதான் வண்டியின் உடம்பைப் பற்றிய ஞாபகமே எனக்கு வரும். இந்த முறை பிரேக், டயர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். ஸ்டாண்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஜிபிஎஸ் பெட்டி லைவ்ல இருக்குதுங்களா? என்ற வண்டிய அதுக்காகவே போன மாசம் திருப்பி உட்டுட்டாங்க."

வீட்டுக்கு வந்து, அந்தப் பெட்டி அனுப்புகிற இடத்தைக் காட்டும் இணையப் போர்ட்டலைத் திறந்தேன். வண்டி என் வாசலில் நிற்கிறது. போர்ட்டலிலோ அது மூன்று நாளாக உடுமலை ரோட்டில் நின்றுகொண்டிருந்தது.

வாடகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணிகள் வாடகை வாகனங்களில், ஆட்டோ மாதிரியானவை நீங்கலாக, இது இருந்தாக வேண்டும். தரத்துக்குப் பெயர் ஏ.ஐ.எஸ்.140. கையகலப் பெட்டிக்குள் மூன்று வேலை நடக்கிறது. ஒரு பக்கம் ஜிபிஎஸ், இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு இடத்தைக் கணக்கிடும். இன்னொரு பக்கம் ஒரு செல்போன் மோடம், உள்ளேயே பதித்த சிம் வழியாக அந்தக் கணக்கை சர்வருக்கு அனுப்பும். மூன்றாவதாக, வண்டி பேட்டரியைப் பிடுங்கினாலும் குறைந்தது நான்கு மணி நேரம் தாங்கும் சின்ன பேட்டரி. ஆபத்து என்றால் அமுக்குவதற்குச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பட்டன்களின் வயர்களும் இதில்தான் வந்து சேரும்.

பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். "சிம் வேலிடிட்டி முடிஞ்சிருச்சு சார், ரினியூ பண்ணுங்க." மெஷினுக்கென்றே கொடுக்கிற 13 இலக்க எண் சிம் அது. நாம் கடையில் போய் ரீசார்ஜ் செய்ய முடியாது, அவர்கள் வழியாகத்தான். பணம் கட்டினேன். இரண்டு மணி நேரத்தில் வண்டி உடுமலை ரோட்டிலிருந்து ஒரே தாவலில் என் வாசலுக்கு வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று படுத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி ஆஃப்லைன். டிரைவர் தம்பி சாவி போட்டதும் உயிர் வந்தது. அடுத்த நாள் காலையும் அதே கதை.

மறுபடி போன். இந்தத் தடவை பதில் வேறு: "டிவைஸ் வீக் ஆயிருக்கும் சார். மாத்திடலாம்." புதுப் பெட்டிக்கு ஒரு விலை சொன்னார்கள். ஒரு வாரத்து டீசல் காசு. கோளாறு எங்கே என்று பார்க்காமலே மாற்றச் சொல்கிற வைத்தியம் எனக்குப் பிடிக்காது.

போர்ட்டலில் 'ரா டேட்டா' என்று ஒரு மூலை இருக்கிறது. அதுவரை அதைத் தொட்டதே இல்லை. திறந்தால் கமா போட்டுக் கமா போட்டு நீளமான வரிகள், எறும்பு ஊர்கிற மாதிரி. பயந்து மூடிவிட்டு, டீ குடித்துவிட்டு மறுபடி திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தால் பிடிபடுகிறது. வண்டி நம்பர், தேதி, நேரம், இடம், வேகம் எல்லாம் நமக்கே தெரிந்தவை. நோய் பார்க்க உதவுவது வேறு சில கட்டங்கள்: ஜிபிஎஸ் ஃபிக்ஸ் (1 என்றால் இடம் தெரிகிறது, 0 என்றால் தெரியவில்லை), எத்தனை சாட்டிலைட், இக்னிஷன் (சாவி போட்டிருந்தால் 1, இல்லையென்றால் 0), மெயின் பவர் இருக்கிறதா, வண்டி வோல்டேஜ், உள் பேட்டரி வோல்டேஜ், டவர் சிக்னல். அதோடு ஒரு எல் அல்லது ஹெச். எல் என்றால் அந்த நொடியே வந்த தகவல்; ஹெச் என்றால் டவர் இல்லாதபோது சேமித்து வைத்துப் பிறகு அனுப்பியது.

ஒரு நோட்டில் இந்தக் கட்டங்களை மட்டும் கோடு போட்டு எழுதினேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் முதல் பக்கத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. ராத்திரி 9:20க்கு இக்னிஷன் 0. அதே நிமிடம் மெயின் பவரும் 0, 'பேட்டரி பிடுங்கப்பட்டது' என்று ஒரு அலர்ட். உள் பேட்டரி 4.1 வோல்ட்டில் தொடங்கி மெல்ல இறங்கி, 1:50க்கு 3.5. அதற்கப்புறம் வரியே இல்லை. நான்கரை மணி நேரம். பெட்டி வீக் இல்லை. விதியில் சொன்னதைவிட அரை மணி கூடுதலாகவே மூச்சுப் பிடித்திருக்கிறது. நாங்கள்தான் தினமும் ராத்திரி அதன் கழுத்தை நெரித்திருக்கிறோம்.

அதாவது, எந்நேரமும் கரண்ட் வர வேண்டிய வயருக்குச் சாவி போட்டால்தான் கரண்ட் வருகிறது. எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வண்டியைக் கொண்டு போனேன். டாஷ்போர்டுக்குக் கீழே பேனலைக் கழற்றி, பெட்டிக்குப் போகும் சிவப்பு வயரில் மல்டிமீட்டர் வைத்தார். சாவி இல்லாமல் 0. சாவி போட்டால் 12.3. வயரைப் பின்தொடர்ந்து போனால், ஒரு கொத்து இன்சுலேஷன் டேப். பிரித்ததும் அவர் முகத்தில் ஒரு வெறுப்பு. "இது கம்பெனி வேலை இல்லீங்க. யாரோ கை வெச்சிருக்கறாங்க."

யார் என்று யோசிக்கத் தேவையே இல்லை. தை மாதம் ஆனைமலைத் திருவிழா ட்ரிப்புகளுக்கு முன்னால் டிரைவர் தம்பி ஆசைப்பட்டு முன் கண்ணாடிக்கு மேலே ஓடுகிற எழுத்து எல்.இ.டி. போர்டு ஒன்று மாட்டினான். அதற்குக் கரண்டை முதலில் இந்தச் சிவப்பு வயரிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். போர்டு ராத்திரி முழுக்க எரிந்து ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் வந்து அந்தக் கொத்தை அப்படியே சாவி லைனுக்கு மாற்றிவிட்டுப் போனார். போர்டோடு சேர்ந்து பெட்டியும் போய்விட்டது. அண்ணன் சிவப்பு வயரைத் தனியாகப் பிரித்து, ஃபியூஸ் போட்டு, நேராக பேட்டரி லைனில் கொடுத்தார். அன்று ராத்திரி விடிய விடிய வரிகள் வந்தன.

அடுத்த நாள் வால்பாறை ட்ரிப். மத்தியானம் போர்ட்டலைப் பார்த்தால் வண்டி ஆழியாறிலேயே நிற்கிறது. வயிற்றைக் கலக்கியது. ஒரு மணி நேரம் கழித்து, நாற்பது கொண்டை ஊசி வளைவும் வரிசையாக வரைபடத்தில் விழுந்தன, எல்லாம் ஹெச் போட்டு. மலையில் டவர் இல்லாத இடத்தில் எழுதி வைத்து, மேலே போய்ச் சேர்ந்ததும் மொத்தமாக அனுப்பியிருக்கிறது. இதைக் கோளாறு என்று நினைத்துக் கருவியை மாற்றியவர்களும் இருப்பார்கள் என்று தோன்றியது.

ஆனால் திரும்பி வரும்போது புதுச் சிக்கல். விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து ஃபிக்ஸ் 0. சாட்டிலைட் பத்திலிருந்து இரண்டுக்கு இறங்கியிருந்தது. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு வேண்டும். டவர் சிக்னல் 31க்கு 22, அருமையாக இருக்கிறது. மெயின் பவர் 1. வரிகள் தவறாமல் வருகின்றன, இடம் மட்டும் இல்லை. பழைய நாள் வரிகளைப் புரட்டினேன். தினமும் இதேதான், ஆறரை, ஏழு மணிக்குப் போய்விடும்.

கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான், ஆனால் வந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. லேப்டாப்பைச் சொருகினான், பதினொரு சாட்டிலைட். "நல்லாத்தானே இருக்கு சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் போனில், "ஆன்டெனா உள்ளேயே இருக்கறதால மொத்தமா மாத்தணும்" என்றார்கள். மறுபடி அதே விலை.

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இரவுதான் காரணம் என்றால், வண்டியை நிறுத்திய பிறகும் சாட்டிலைட் வரக்கூடாது. ஆனால் நிறுத்திச் சாவியை எடுத்த ஒரு நிமிடத்தில் ஒன்பது, பத்து என்று ஏறியிருக்கிறது. ஆக, இருட்டினதும் போட்டு, சாவியோடு அணைகிற ஏதோ ஒன்று.

அன்று ஏழு மணிக்கு வீட்டுக்கு எதிரே இருக்கும் காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். சாட்டிலைட் 2. ஹெட்லைட்டை அணைத்தேன், 2. உள் லைட், ஏ.சி., போன் சார்ஜர் ஒவ்வொன்றாக. ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் போர்டு. அணைத்து நாற்பது நொடிக்குள் 7, அப்புறம் 10. திரும்பப் போட்டேன், சரசரவென இறங்கியது. சந்தேகம் தீர, சாட்டிலைட் சிக்னலின் பலம் காட்டும் ஒரு ஆப்பை என் போனில் போட்டு, போனைப் பெட்டி பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போர்டு எரிந்தால் போனிலும் கோடுகள் சுருண்டு விழுந்தன. போனுக்கும் அதே வியாதி என்றால், பெட்டியின் ஆன்டெனாவைக் குறை சொல்ல முடியாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தரைக்கு வருகிற சிக்னல் அத்தனை மெல்லியது. போர்டுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற விலை மலிந்த கன்வெர்ட்டரை, கடைக்காரர் டாஷ்போர்டுக்குள் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி டேப் போட்டு ஒட்டியிருந்தார். அது கிளப்பும் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடுகிறது. திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றுகொண்டு பக்கத்து ஊரில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கச் சொன்ன மாதிரி.

அண்ணனிடமே மறுபடி போனேன். கன்வெர்ட்டரைத் தகர உறை போட்ட நல்ல ரகமாக மாற்றி, இடது பக்கக் கூரை ஓரத்துக்கு ஏற்றினார். இரண்டு பக்க வயரிலும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினார். பழைய லேப்டாப் சார்ஜர் வயரில் உருண்டையாக இருக்குமே, அதுதான். ஜிபிஎஸ் பெட்டியை, மேல் பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணாடிக்குக் கீழே நகர்த்தினார். இந்த வேலைக்காக மூடியைத் திறந்தபோது போர்ட்டலில் 'மூடி திறந்திருக்கிறது' என்று அலர்ட் விழுந்தது. அதைப் பார்த்து அண்ணனுக்கு ஒரே சந்தோஷம், இரண்டு தடவை வேண்டுமென்றே திறந்து மூடினார். மொத்தச் செலவு, அவர்கள் சொன்ன புதுப் பெட்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

எஃப்.சி. அன்று கேட்டது இரண்டே விஷயம். லைவ்வில் காட்டுகிறதா, சிவப்புப் பட்டன் வேலை செய்கிறதா. மூன்றாவது சீட் பட்டனை அமுக்கினேன், திரையில் எமர்ஜென்சி 1 என்று வந்தது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

சாயங்காலம் டிரைவர் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஏனுங்ணா, போர்டு போட்டுக்கலாமுங்களா?" போடச் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தேன். சாட்டிலைட் 9. அவன் மகள் பெயர் கண்ணாடிக்கு மேலே சிவப்பில் ஓட ஆரம்பித்தது.