360 வரியும் 36 பாத்தியும்

வயலில் நெல்லைப் பார்த்ததைவிட, சிங்கப்பூர் தேக்கா கடையில் ஐந்து கிலோ அரிசிப் பையாகப் பார்த்ததுதான் எனக்கு அதிகம். ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் ஆய்வில் இருக்கும் சித்தி மகன், "அண்ணே, உனக்குப் புள்ளியியல் தெரியும்ல, இதைக் கொஞ்சம் பாரு" என்று ஒரு எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டான். 12 நெல் ரகம், 3 தொகுதி (ஒவ்வொன்றிலும் எல்லா ரகத்துக்கும் ஒரு பாத்தி), பாத்திக்கு 10 செடி, செடிக்கு ஒரு வரி. நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான குலை நோயை எது தாங்கும் என்று பார்க்க வேண்டும். நோய் நன்றாகப் பரவட்டும் என்று சுற்றிலும் கோ 39 நட்டிருந்தான். அந்த நோய்க்குச் சட்டென்று விழுகிற ரகம் அது.

பொங்கோலில் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து, 360 வரியையும் அப்படியே அனோவாவில், அதாவது ரகங்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனையில், போட்டேன். ரகத்துக்கு ரகம் வேறுபாடு பிரமாதமாக வந்தது. சந்தேகப்படும் அளவுக்குப் பிரமாதம். பிழை வரியில், அதாவது எத்தனை தனித் தகவலை நம்பி முடிவு சொல்கிறோம் என்ற இடத்தில், 348 என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஒரே பாத்தியில் நிற்கும் பத்துச் செடிகளுக்கும் ஒரே மண், ஒரே பனி. அவற்றைப் பத்துத் தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. பாத்திக்கு ஒரு எண் என்று சுருக்கினால் 36 வரிதான், பிழைக்கு மிஞ்சுவது 22.

அப்புறம் நோயின் தீவிரத்துக்குத் தரும் மதிப்பெண். சர்வதேச நெல் ஆய்வு நிறுவனத்தின் 0–9 அளவுகோலில் 4 என்றால் நோய் பாதித்தது இலைப் பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவு, 8 என்றால் 51 முதல் 75. இரண்டுக்கும் சராசரி 6. அந்த 6க்கு அர்த்தம் 11 முதல் 25 சதவீதம். உண்மையான சராசரிப் பாதிப்போ எப்படிக் கணக்குப் போட்டாலும் 25ஐத் தாண்டிவிடும்.

நல்லவேளை, தம்பி வாராவாரம் சதவீதத்தையும் குறித்திருந்தான். ஒரு ரகம் 10, 30, 50. இன்னொன்று 0, 5, 50. கடைசி வாரம் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. நாள்களுக்கு எதிரே சதவீதத்தை வரைந்து, ஏழு நாள் இடைவெளியில் அந்த வளைவின் கீழ்ப் பரப்பைக் கூட்டினால் முதலாவது 420, மற்றது 210. நான் மிகவும் ரசித்த இடம் இதுதான். இரண்டாவது ரகம் நோயைத் தடுக்கவில்லை, ஆனால் நன்றாக இழுத்தடித்திருக்கிறது.

கடைசியில் டூக்கி சோதனை, ரகங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது. நடுவில் ஏழு ரகங்களுக்கு ஒரே எழுத்து, அதாவது அவை வேறு வேறு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"முன்னாடி எல்லாம் வேற வேறயா வந்துச்சே?" என்றான் தம்பி, குரல் இறங்கிப்போய்.

"அடுத்த பருவம் ஐந்து தொகுதியாகப் போடு."

"சரி, நாற்று நட நீ வர்றியா?"

இந்த வருடம் எத்தனை நாள் விடுப்பு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.