மீன் விலை சைட்டுக்கு புது சர்வர்

61 நாள் தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகுகள் கரை திரும்பிய அன்று, விடிகாலை நாலு மணிக்கு எங்கள் மீன் விலை சைட் படுத்துவிட்டது. வெள்ளைத் திரையில் ‘508’ என்ற பிழை எண் மட்டும் நின்றது. வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டு போன் மேல் போன், மனசே ஆறவில்லை. ‘அன்லிமிடெட்’ என்று சொல்லி விற்ற ஷேர்டு ஹோஸ்டிங்தான் (ஒரே சர்வரைப் பல சைட்டுகள் பங்குபோட்டுக்கொள்வது), ஆனால் சிபியு, ராம், ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை வரலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு, தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

சரி, மும்பையில் சர்வர் உள்ள விபிஎஸ்ஸுக்கு, அதாவது சர்வரில் எங்களுக்கென்றே ஒதுக்கிய ஒரு பங்குக்கு, மாறிவிட்டோம். 2 ஜிபி ராம், கூட்டம் கூடினால் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் பேக்கப்பை ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விடவில்லை. தினமும் ராத்திரி ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்குக்கு வருகிறது, ஒரு முறை அதைத் திரும்ப ஏற்றியும் பார்த்துவிட்டேன்.